கையைச் சுட்ட கறுப்புத் துண்டு

“ஆ!” என்று கையை உதறினார் விமலாதேவி டீச்சர்.

தனுஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அவளுடைய விரலிலும் நேற்றிலிருந்து ஒரு கொப்புளம் இருந்தது.

இரண்டு பேரையும் சுட்டது ஒரே ஆள்தான். மேசையில் கிடந்த, ரப்பர் பூசிய குட்டிக் கணினியான மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் ஓரத்தில், விரல் நகமளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு. ரெகுலேட்டர் என்பது அதன் பெயர். பெட்டரி கொடுக்கும் பன்னிரண்டு வோல்ட்டை வாங்கி, ஐந்து வோல்ட்டாகக் குறைத்துப் போர்டுக்குக் கொடுப்பது அதன் வேலை.

“இது எரிஞ்சு போச்சு பிள்ளை. பள்ளிக்கூடத்தில இருக்கிறதே இந்த ஒண்டுதான். கொண்டாரும், அலுமாரியில வச்சுப் பூட்டுவம்” என்றார் டீச்சர்.

தனுஜா பெட்டரி வயரைக் கழற்றினாள். போர்டைக் கைக்குட்டையில் சுற்றி, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“தர மாட்டேன் டீச்சர்.”

ஏழாம் வகுப்பே திரும்பிப் பார்த்தது. விமலாதேவி டீச்சரிடம் ‘மாட்டேன்’ என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. டீச்சரின் மூக்குக் கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கிவிட்டது.

“சுடுது, அது சரி. ஆனா கெட்டுப் போகல. கெட்டிருந்தா வெளக்கு எரியுமா? மணி கத்துமா? நீங்க பூட்டி வச்சா, மழைக்கு எங்க லயத்துக்கு யாரு மணி அடிப்பாங்க?”

டீச்சர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். போன ஐப்பசி மழையில், தோட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று வரிசையாகக் கட்டிய லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து, கடைசிக் காம்பராவின் குசினியை அடுப்போடு மூடிவிட்டது. நல்ல காலம், அப்போது உள்ளே யாரும் இல்லை. அந்தச் சத்தம் தனுஜாவின் காதை விட்டு இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்த மழைமணியை அவள் செய்தாள். ஒரு போத்தல், அதற்குள் இரண்டு ஆணிகள். மழைத் தண்ணீர் ஏறி ஆணிகளைத் தொட்டால் பத்துச் சிவப்பு விளக்குகள் எரியும், மணி கத்தும். எல்லாரும் மேட்டடியை விட்டுக் கோயில் மண்டபத்துக்குப் போய்விடலாம்.

இந்த வருட ஐப்பசியும் பிறந்துவிட்டது.

“நாளைக்குக் காலமை வரைக்கும் தாறன்” என்றார் டீச்சர். “அப்பவும் சுட்டா, அலுமாரிதான்.”

வீட்டில் போர்டைப் பார்த்ததும் அம்மா சுமித்ராவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“என்னாடி இது, போர்டுக்குச் சட்டை போட்டிருக்க?”

“மழையில நனையக் கூடாதுன்னு ரப்பர் பால் தடவிக் காய வச்சேன்மா.”

“இந்த வேக்காட்டுல இவ்வளவு மொத்தமா சட்டை போட்டா யாருக்குத்தான் சுடாது? குடு இங்க.”

அம்மா பதினைந்து வருடமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பி இழுத்தார். ரப்பர்ச் சட்டை முழுசாக உரிந்து வந்தது.

தனுஜா பெட்டரியை மாட்டி, போத்தலில் தண்ணீர் ஊற்றினாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். இருபது வருவதற்குள் கறுப்புத் துண்டு மறுபடியும் சுட்டது.

“அட சனியனே!”

“வாய்!” என்றார் அம்மா.

இப்போது ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாள். மணியைக் கழற்றினாள், சுட்டது. மணியை மாட்டிவிட்டுப் பத்து விளக்குகளையும் கழற்றினாள். நூறு வரை எண்ணியும் வெதுவெதுப்புத்தான்.

விளக்குகள்தான் சுமை. ஆனால் இதே விளக்குகள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வயரில் மூன்று நாள் எரிந்தனவே, அப்போது ஏன் சுடவில்லை? கம்ப்யூட்டர் வயரில் வருவதே ஐந்து வோல்ட். அங்கே கறுப்புத் துண்டுக்கு வேலையே இல்லை. பெட்டரி என்றால் மிச்ச ஏழு வோல்ட்டையும் அது சூடாக்கித்தான் கழிக்க வேண்டும். அதுவும் பத்து விளக்குகளுக்கும் சேர்த்து. பாவம், சுடாமல் என்ன செய்யும்!

பெட்டரியை விடவும் முடியாது. மழை தூறத் தொடங்கினாலே லயத்தை விட்டு முதலில் ஓடுவது கரண்ட்தான்.

அப்போது வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. புளத்கொகுபிட்டிய டவுனிலிருந்து அம்மாவுக்கு அரிசி கொண்டுவந்திருந்தார் அப்லால் நானா. இந்தப் பழைய பெட்டரியைக் கொடுத்தவரும் அவர்தான். ஓட்டோவுக்குள் அவருடைய போன் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

தனுஜா அதையே பார்த்தாள்.

“நானா, ஒங்க போன் எதுல சார்ஜ் ஆகுது?”

“ஓட்டோ பெட்டரியிலதான் மகள்.”

“அதுவும் பன்னெண்டு வோல்ட்தானே? போனுக்கு அஞ்சுதானே போகணும்?” அவள் சார்ஜரைத் தொட்டாள். சுடவில்லை. “நானா! இத எனக்குத் தாங்க!”

“அப்ப என்ட போன் பட்டினியா? பொறு, பழசு ஒண்டு இரிக்கி.”

பழைய சார்ஜரைப் பெட்டரியோடு இணைத்துக் கொடுத்துவிட்டு, “ஹரி” என்று சிங்களத்தில் சரி சொல்லி, “இனி உன்ட பாடு” என்றார் நானா. இனிப் பன்னிரண்டு வோல்ட்டை, மிச்சத்தைச் சூடாக்கிக் கழிக்காமல், சார்ஜரே ஐந்தாக்கிக் கம்ப்யூட்டர் வயர் போலப் போர்டுக்குக் கொடுக்கும்; கறுப்புத் துண்டுக்கு வேலையே இல்லை.

மறுநாள் காலை தனுஜா எல்லாவற்றையும் டீச்சரின் மேசையில் வைத்து இணைத்தாள்; வகுப்பில் கத்தாமலிருக்க மணியை மட்டும் கழற்றிவிட்டு, போத்தலில் தண்ணீர் ஊற்றினாள். விளக்குகள் சிவப்பாக எரிந்தன.

“தொட்டுப் பாருங்க டீச்சர்.”

டீச்சர் விரலை நீட்டினார், இழுத்துக்கொண்டார். “கொஞ்சம் எரியட்டும்” என்றார்.

“பாடம் முடியிற வரைக்கும் எரியட்டும்” என்றாள் தனுஜா.

நாற்பது நிமிடம் எரிந்தது. பள்ளிக்கூட மணி அடித்ததும் டீச்சர் கறுப்புத் துண்டைத் தொட்டார். விரலை எடுக்கவே இல்லை.

“சுடேல்லை” என்றார். பிறகு, “நான்தான் அவசரப்பட்டுட்டன். கொண்டுபோய் லயத்தில பூட்டும் பிள்ளை, மழை இருட்டுது” என்றார். அலுமாரிச் சாவி கைப்பைக்குள் போய்விட்டது.

சனிக்கிழமை பிற்பகல் மழை கொட்டியது. எதிர்பார்த்தபடியே கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் போத்தலில் தண்ணீர் ஏறி ஆணிகளைத் தொட்டது. லயம் முழுக்க மணி அலறியது.

“காது கிழியுது! நிப்பாட்டு புள்ள!” என்று கத்தினார் பக்கத்துக் காம்பரா இருளப்பன் மாமா.

“நிப்பாட்ட மாட்டேன் மாமா! எல்லாரும் கோயிலுக்குப் போங்க, அப்புறம் நிப்பாட்டறேன்!”

முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் கிளம்பினார்கள். இருளப்பன் மாமா கோழிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். கடைசியாக அம்மா குடையோடு வந்து நின்றார்.

தனுஜா வயரைக் கழற்றாமலே போர்டை எடுத்து மழை படாமல் சட்டைக்குள் அணைத்துக்கொண்டாள். மணி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. கறுப்புத் துண்டு அவள் நெஞ்சில் பட்டது. கொஞ்சமும் சுடவில்லை.