காயத்தை நக்கும் நாய்

படத்தின் கண்ணாடியிலிருந்த பிசுபிசுப்பு துணியோடு வரவில்லை. வினிகர் தொட்டு மறுபடியும் அழுத்தித் துடைத்தபோதுதான் சோலாஞ்சுக்குத் தெரிந்தது, அது உள்பக்கம் இருக்கிறது.

ஆராஸ் நகரத்துப் பழம்பொருள் சந்தையில் அவள் கணவன் ஓபேன் ஆசைப்பட்டு வாங்கிய படம். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தது. பனியில் விழுந்து கிடக்கும் சிப்பாய், அவன் கால் காயத்தை நக்கும் படைப்பிரிவு நாய், கீழே 'கடைசி நண்பன்' என்ற எழுத்து. காலில் அறுவை சிகிச்சை முடிந்து சாய்வு நாற்காலியில் கிடந்த ஓபேன், தன் தலைக்கு மேலேயே அதை மாட்டச் சொல்லியிருந்தான்.

மழை விடாத அந்தப் பிற்பகலில், அடுப்பில் வெந்துகொண்டிருந்த வெங்காய சூப்பின் வாசனையையும் மீறி, நனைந்த நாய்மயிரும் கசாப்புக்கடைச் சாக்கடையும் கலந்தாற்போல ஒரு வாடை கூடமெங்கும் எழுந்து, இனிப்பாக அவள் தொண்டையில் படிந்தது.

"உன் கட்டு நாறுது ஓபேன். நர்ஸைக் கூப்பிடட்டுமா?"

"எதுக்கு? வலியே போயிடுச்சு. இதமா இருக்கு."

"இந்த நாத்தம் எனக்குத் தாங்கல, உனக்கு இதமாம்!"

"உன் சூப்பை விடவா?" கண்ணை மூடியபடியே சிரித்தான். "அந்த நாய்க்கு இருக்கற பாசத்துல பாதி உனக்கு இருந்தாப் போதும்."

அவள் படத்தைக் கழற்றி அடுக்களை மேசைக்குக் கொண்டுபோனாள். கத்தி முனையால் ஆணிகளை நெம்பினாள். பின்பக்க அட்டை ஊறிய ரொட்டி போலப் பிய்ந்து வந்தது. கண்ணாடியைத் தூக்கியதும் விரலுக்கும் தாளுக்கும் இடையே நூல் நூலாய் எச்சில் நீண்டது. அதில் குட்டையான பழுப்பு மயிர்கள். வெதுவெதுப்பு வேறு.

கையைக் கழுவினாள். சோப்புப் போட்டாள். வழுவழுப்பு போகவில்லை.

கண்ணாடி இல்லாமல் படம் துல்லியமாகத் தெரிந்தது. சிப்பாயின் முழங்காலுக்குக் கீழே பனி என்று அவள் நினைத்திருந்த வெண்மை பனியில்லை. அவன் கை நாயைத் தடவவில்லை. தள்ளிக்கொண்டிருந்தது.

சளப்.

கூடத்திலிருந்து வந்தது.

சளப். சளப்.

அவர்கள் நாய் வளர்த்ததே இல்லை.

"ஓபேன்?"

கூடத்துக் கதவருகே போனாள்.

கட்டுத்துணி தரையில் சுருண்டு கிடந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நாற்காலி விளிம்பில் நீட்டியிருந்த அவன் கணுக்காலுக்குக் கீழே சதையே இல்லை. கழுவி வைத்தது போல வெறும் எலும்பு, ஈரத்தில் பளபளத்தது. அதற்கு மேலே, முழங்காலை நோக்கி, கண்ணுக்குத் தெரியாத நாக்கு படுவது போல, தோல் மெல்ல மெல்ல அழுந்தி எழும்பிக்கொண்டிருந்தது.

ஓபேன் தூக்கத்தில் சிரித்தான். அவன் கை இறங்கி, வெறும் காற்றை வாஞ்சையோடு தடவியது.

"அங்கதான்... இன்னும் கொஞ்சம் மேல."