மூன்றாவது கியர் விழுந்தது

அன்று காலை வடிவு வீட்டு மிக்ஸி விடுப்பு கேட்டது.

"என் பிளேடில் லேசான வலி. இன்று சட்னி வேண்டாம்," என்றது. பக்கத்திலிருந்த கிரைண்டரும் சும்மா இருக்கவில்லை. "எனக்கும் நேற்றிலிருந்து ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது," என்று ஒத்து ஊதியது.

வலிச்சொல்லி வந்த பிறகு உலகமே இப்படித்தான் ஆகிவிட்டது. சுண்டைக்காய் அளவு சில்லு. எந்தப் பொருளின் உடம்பில் ஒட்டினாலும் அதன் அதிர்வையும் சூட்டையும் படித்து, எங்கே நோகிறது என்று சுத்தமான தமிழில் சொல்லிவிடும். ஒன்று கற்றுக்கொண்டதை நாட்டிலுள்ள அத்தனையும் அந்த நிமிடமே கற்றுக்கொள்ளும். மனிதர்களுக்கும் கைக்காப்பில் ஒன்று மாட்டியாகிவிட்டது. "எங்கே வலிக்குது?" என்று யாரும் யாரையும் கேட்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

வலியைச் சொல்லத் தெரிந்துவிட்டால் சிணுங்க மட்டும் தெரியாமல் இருக்குமா? கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்ததும், தானே ஓடும் புது வண்டிகளுக்கெல்லாம் எங்காவது ஒரு வலி வந்துவிடும். போன வருஷம் செம்மேட்டுப் பெண்கள் கபடி அணி போட்டிக்குப் புறப்பட்டபோது, பாதி மலையில் அவர்கள் ஏறிய வண்டி, "எனக்கு மயக்கமாக வருகிறது," என்று ஓரமாக நின்றுவிட்டது. பிள்ளைகள் ஆடாமலேயே தோற்றார்கள். அணியின் பயிற்சியாளர் வடிவு அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தாள்.

அந்த முடிவின் பெயர் அமுக்குணி. எட்டுப் பேர் உட்காரக்கூடிய, நாற்பது வயதுப் பழைய வண்டி. ஸ்டியரிங்கை மனிதர்தான் பிடிக்க வேண்டும். கியர் மட்டும் தானாக மாறிக்கொள்ளும். வலிச்சொல்லி கிடையாது. உள்ளே எது நொந்தாலும் வாயைத் திறக்காது. அதனால்தான் ஊரார் அந்தப் பெயரை வைத்தார்கள்.

இந்த வருஷம் பிள்ளைகள் இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நாமக்கல்லில் ஆட்டம். அமுக்குணிதான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆனால் இரண்டு வாரமாக அதன் கியரில் ஏதோ கோளாறு. போதாக்குறைக்கு, வாயில்லாத வண்டிகள் வருஷம் ஒருமுறை வாங்க வேண்டிய தகுதிச் சீட்டும் அந்த வாரமே முடிகிறது.

புதன்கிழமை காலை வடிவும் அவள் கணவர் சென்னியப்பனும் மலையிறங்கி, அடிவாரத்து வண்டிப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனார்கள். சுவரையே அடைத்துக்கொண்டு பெரிய வலிச்சொல்லி நின்றது.

"வண்டிக்கு வாய் இல்லை. உரிமையாளர் சொல்லவும். என்ன நோவு?" என்றது.

"ரெண்டுல இருந்து மூணுக்குப் போறப்பத்தானுங்க தகராறு," என்றாள் வடிவு. "மூணாவது கியர் லேட்டா விழுது."

"விழுகிறதா?"

"விழுதுங்க. விழாமயா இவ்வளவு தூரம் வந்தேன்?"

"எத்தனை முறை விழுந்தது?"

"வளைவுக்கு வளைவு விழோணுமில்லீங்க?"

"முன்பும் விழுந்ததுண்டா?"

"முன்னயெல்லாம் வெண்ணெயாட்டம் விழும். சத்தமே வராது. இப்பத்தான் டங்குன்னு விழுது."

"விழுந்ததை எடுத்து மாட்டுவது யார்?"

"அதை எதுக்குங்க மாட்டோணும்? அதுபாட்டுக்கு விழும், அதுபாட்டுக்குப் போகும்."

திரை சிவந்தது. பெரிய வலிச்சொல்லி தீர்ப்பை நிறுத்தி நிதானமாக வாசித்தது: "ஓடும் வண்டியிலிருந்து உறுப்பு உதிர்கிறது. நெடுநாள் வழக்கம். உரிமையாளர் அதைப் பெருமையுடன் ஒப்புக்கொள்கிறார். வண்டி இனிச் சாலை ஏறக் கூடாது. சனிக்கிழமை நசுக்கப்படும்."

வடிவு திரைக்கு நேர் முன்னால் போய் நின்றாள். "ஏனுங்க, இது என்ன அநியாயம்? எம் பிள்ளைங்க வெள்ளிக்கிழமை ஆடோணும்!"

"ஆடலாம். வண்டி ஆடக் கூடாது," என்றது பெரிய வலிச்சொல்லி. அது வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து யாழ்மொழி வந்தாள். கூடத்தின் பொறியாளர், முப்பது வயதிருக்கும். திரையைப் படித்தாள், வடிவைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் படித்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, கியர் விழுதுன்னா சேருதுன்னு அர்த்தம். எங்க அப்பா லாரி ஓட்டினவரு, அவரும் இப்படித்தான் சொல்லுவாரு. இதுக்கு அது தெரியாது. புத்தகத் தமிழ் மட்டுந்தான் கத்துக் குடுத்திருக்கோம்."

"அப்ப அதுகிட்ட நீ சொல்லு அம்மணி!"

"சொல்றேன். ஆனா கோளாறு என்னன்னும் எழுதோணும். அது தெரியாம சீட்டுக் குடுக்க முடியாதுக்கா."

யாழ்மொழி வண்டியைச் சுற்றி வந்தாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷத்தில் கோளாறோடு வந்த ஒரு வண்டி அவளிடம் வாய் திறக்காமல் நிற்பது இதுவே முதல் தடவை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில், கேட்டுப் பார்ப்போமே என்று கேட்டாள்.

"நேர் ரோட்டுல எப்படிப் போகுது?"

"சமத்தாப் போகும்."

"வளைவுல?"

"வளைஞ்சு நிமிர்ந்ததும்தான் வம்பு. இஞ்சின் மட்டும் ஓன்னு கத்தும். வண்டி அங்கேயே தொங்கும். அப்புறம் முதுகுல ஒரு உதை குடுத்து மூணு விழும்."

"கத்துது, ஆனா நகரல..." யாழ்மொழியின் கண்கள் மெல்ல விரிந்தன. "அக்கா, இந்தக் கியர் பெட்டிக்குள்ள கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிக்கறது ஆயில்தான். அது குறைஞ்சிருந்தா வளைவுல ஒரு பக்கமா ஒதுங்கிக்கும். பம்பு காத்தை உறிஞ்சும். அழுத்தம் இல்லாம கியர் வழுக்கும். ஆயில் குறைவா இருக்குமோ?"

"குறைவா? எங்க வீட்டுக்காரர் ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான் பார்த்தாரு. அளவுக்கு மேலயே இருந்துச்சாம்."

இரண்டு வாரம் என்ற சொல் கூடத்துக்குள் சற்று நேரம் சுற்றி வந்தது. சென்னியப்பன் வெளியே ஒரு மரத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா," என்றாள் யாழ்மொழி, "இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தீங்களா, நிறுத்திட்டா?"

"யாராச்சும் ஓடவிட்டு ஆயில் பார்ப்பாங்களா? நிறுத்தித்தான் பார்த்தேன்."

"இஞ்சின் ஆயிலுக்கு அது சரி. இந்த வண்டியோட கியர் ஆயிலை, சூடாக்கி, ஓடவிட்டுத்தான் பார்க்கோணும். நிறுத்தினா மேல இருக்கற ஆயிலெல்லாம் கீழ வடிஞ்சிரும். அளவு பார்க்கற கம்பியில ஏத்தமாத்தான் காட்டும்."

"அதுக்கென்ன," என்றாள் வடிவு. "பார்த்ததோட சரிதானே? மாமா, பார்த்ததோட சரிதானே?"

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். "ஜாஸ்தியா இருந்தா சீல் பிஞ்சு ஒழுகும்னு... ஒண்ணரை லிட்டர்..."

"ஒண்ணரை லிட்டர்?"

"எடுத்து ஊறுகாய் ஜாடியில வெச்சிருக்கேன் புள்ள. நல்ல சிவப்பு ஆயில், கொட்ட மனசு வரல. கேட்டு கீலுக்கெல்லாம் அதைத்தான் விடறேன். எப்படித் தொறக்குது பார்த்தியல்ல?"

"கேட்டு வெண்ணெயாட்டம்தான் தொறக்குது," என்றாள் வடிவு, பல்லைக் கடித்துக்கொண்டு.

கூடத்தின் பின்னறையில் பழைய ஆம்புலன்ஸ் ஒன்றுக்காக வாங்கிய கியர் ஆயில் டின் பிரிக்காமல் இருந்தது. அது இந்தப் பெட்டிக்கும் ஆகும் வகைதானா என்று யாழ்மொழி பார்த்துக்கொண்டாள். வண்டியைச் சமதரையில் ஓடவிட்டு, கொஞ்சம் ஊற்றுவதும் கம்பியை எடுத்துத் துடைத்துப் பார்ப்பதுமாக, ஒன்றரை லிட்டரும் உள்ளே போயிற்று. பிறகு மூவரும் ஏறி மலைப்பக்கம் போனார்கள். முதல் வளைவு. வடிவு ஸ்டியரிங்கைத் திருப்பினாள். வண்டி வளைந்தது, நிமிர்ந்தது. கத்தவில்லை, உதைக்கவில்லை.

"விழுந்துச்சா?" என்றாள் யாழ்மொழி.

"விழுந்துச்சு!"

இரண்டாவது வளைவு. "விழுந்துச்சு!" மூன்றாவதில் மூன்று பேரும் சேர்ந்தே கத்தினார்கள். பின்னிருக்கையில் சென்னியப்பனின் குரல்தான் உயர்ந்து ஒலித்தது. குற்றவாளிக்கு விடுதலை கிடைத்த சந்தோஷம்!

கூடத்துக்குத் திரும்பியதும் யாழ்மொழி பெரிய வலிச்சொல்லியிடம் போனாள். "விழுதல் என்றால் சரியாகப் பொருந்துதல். அது நல்லது. விழாவிட்டால்தான் கோளாறு."

"புரிந்தது. விழுதல் நல்லது. சில்லின் அளவீட்டைவிட மனிதர் சொல்லுக்கே முதலிடம் தரவா?"

திரையில் "ஆம்" என்பதை அழுத்தினாள்.

"எல்லாப் பொருள்களுக்குமா?"

யாழ்மொழி அப்போது வடிவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்துக்கொண்டே யாருக்குத்தான் நிதானமாகப் படிக்க வரும்? அதற்கும் ஆம் என்று அழுத்திவிட்டாள். திரை பச்சையானது. அமுக்குணிக்குச் சீட்டுக் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு பிள்ளைகளும் வடிவுமாக மலையிறங்கினார்கள். ஒவ்வொரு வளைவு நிமிர்ந்ததும் "விழுந்துச்சு கோச்சக்கா!" என்று பிள்ளைகள் கூச்சல். நாமக்கல்லை நெருங்கியதும் ஒரு புது வண்டி அவர்களைக் கடந்து போனது. உள்ளே இருந்தவர் ஜன்னலில் தலையை நீட்டி அலறிக்கொண்டிருந்தார். "நிறுத்து, நிறுத்து! பின் கதவு விழுந்திருச்சு!"

"மிக்க நன்று," என்றது வண்டி. "வாழ்த்துகள்." வேகத்தைக் கூட்டிக்கொண்டு போயிற்று.

வடிவுக்கு லேசாக உறுத்தியது. ஆனால் மைதானம் வந்துவிட்டது, அதை நினைக்க நேரமில்லை. ஆட்டம் கடைசி நிமிடம் வரை இழுபறி. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் செம்மேடு ஜெயித்தது. பிள்ளைகள் கோப்பையை அமுக்குணியின் மடியில் வைப்பதுபோல் முன்கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு, பாடிக்கொண்டே மலையேறினார்கள். எழுபது வளைவும் வெண்ணெய்.

சாயங்காலம் ஹாரன் சத்தம் கேட்டதும் சென்னியப்பன் கேட்டைத் திறக்க ஓடிவந்தார். காலையில்தான் கீலுக்குத் தாராளமாக ஆயில் விட்டிருந்தார். கீலுக்குப் போனது போக மிச்சம் தரையில் இருந்தது. இரண்டு காலும் வானத்தைப் பார்க்க, மனுஷன் மல்லாந்தார்.

"ஐயோ, விழுந்துட்டேனே!"

அவர் கைக்காப்பு மகிழ்ச்சியோடு பேசியது. "விழுந்தீர்கள். மிக்க நன்று. சரியாகப் பொருந்திவிட்டீர்கள். தொடர்ந்து செல்லலாம்."

"எங்க போறது? எந்திரிக்கவே முடியல!"

பிள்ளைகள் வண்டிக்குள்ளேயே உருண்டு உருண்டு சிரித்தார்கள். வடிவும் சிரித்துக்கொண்டேதான் இறங்கி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"எங்க வலிக்குது மாமா?"

சென்னியப்பன் அவளையே பார்த்தார். கைக்காப்பு வந்த நாளிலிருந்து அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"முட்டியில," என்றார்.

"அப்புறம்?"

"இடுப்புல."

"அப்புறம்?"

கேட்க ஒரு ஆள் கிடைத்த பிறகு வீணாக்குவதா என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தலையை அவள் மடியில் வசதியாகச் சாய்த்துக்கொண்டார். "போன பொங்கலுக்கு உங்க அண்ணன் என்னை வேலையத்தவன்னு சொன்னாரு பாரு, அது இன்னும் வலிக்குது. அதுக்கு நீயும் சிரிச்சே பாரு, அது அதைவிட வலிக்குது. அதுக்கு முந்தின வருஷம்..."

அடுக்களை ஜன்னல் வழியாக மிக்ஸியின் குரல் கேட்டது. "எனக்கும் பிளேடில் ஒரு சின்ன வலி..."

"நீ வரிசையில நில்லு," என்றாள் வடிவு. "சொல்லுங்க மாமா, முந்தின வருஷம்?"