காலி வாளி திருடிய பால்

வெள்ளையம்மா கடைக்குள் வரும்போதே புளித்த றப்பர் பால் நாற்றமும் கூட வந்தது. அவளுக்கே அது தெரிந்ததால் வாசலோடு நின்றுவிட்டாள். ருவான்வெல்லைக் கடைவீதியில் கம்பியூட்டர் திருத்தும் றுகையா, கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உள்ள வந்து உக்காருங்க. அது ஸ்டோர் நாத்தம். உங்களோடது இல்ல."

அந்தப் பக்கத்தில் எது களவு போனாலும் சனங்கள் பொலிசுக்குப் போகுமுன் றுகையாவிடம் வந்துவிடுவார்கள். அதில் அவளைவிட அதிகம் மகிழ்கிறவன் அவளுடைய உதவியாள் யோகராஜ். நாற்பது வயதாகியும், துப்பு என்ற சொல் காதில் விழுந்தால் சாப்பாட்டை அப்படியே விட்டு எழும்பிவிடுவான்.

"காலையில வேல பிரிக்கிற பெரட்டுல அத்தனை பேருக்கு முன்னால என்னையப் பால் கள்ளின்னு சொல்லிட்டாங்க மிஸ்," என்றாள் வெள்ளையம்மா. "திங்கக்கெழமை வெசாரணை. தோட்டத்துல பேர வெட்டிட்டா, அவுங்க குடுத்த லயத்துக் காம்பராவையும் விடணும். புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?"

விஷயம் இதுதான். வெள்ளையம்மா தோட்டத்தில் றப்பர் மரங்களில் பால் வெட்டுகிறவள். மலையில் கணக்கப்பிள்ளை அவளுடைய பாலைக் கைத்தராசில் நிறுப்பார். பிறகு அவள் வாளியோடு இறங்கி ஸ்டோருக்குப் போவாள். அங்கே மெஷின் மறுபடி நிறுக்கும். போன மாதம் புது மெஷின் வந்ததிலிருந்து அவள் பால் ஸ்டோரில் குறைகிறது.

"வழியில பால் வாங்குற லொறி ஏதாச்சும் நிக்குதா?" என்று யோகராஜ் பாய்ந்தான்.

றுகையா அவனைக் கையால் அமர்த்தினாள். "எவ்வளவு கொறையுது?"

"ரெண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட மிஸ். பன்னெண்டு கிலோ வெட்டுனாலும் அதுதான். மழையில அஞ்சு கிலோ வெட்டுன அன்னிக்கும் அதேதான்."

"கள்ளன் ஒரு நாள் கூட எடுப்பான், ஒரு நாள் கொறைய எடுப்பான்," என்றாள் றுகையா. "தெனமும் ஒரே அளவு எடுக்குறது மனுசன் இல்ல."

தோட்ட ஆபீஸ் கம்பியூட்டர்களைத் திருத்துகிறவள் என்பதால் தோட்டத்துத் துரை அவளை விசாரணைக்கு வர விட்டார். திங்கட்கிழமை காலை, விசாரணைக்கு முன்பே அவளும் யோகராஜும் ஸ்டோருக்குப் போய்விட்டார்கள்.

அந்த இடத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கழிவு ஓடும் கானில் வெள்ளை நுரை அழுகிக் கிடந்தது. ஸ்டோர் அதிகாரி நாகலிங்கம் இருபது வருடமாக அந்த நாற்றத்துக்குள்தான் காலைச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறவர். ஆனால் வெள்ளையம்மா பக்கத்தில் வந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். கானைவிட அதுதான் யோகராஜுக்குக் குமட்டியது.

மெஷினைச் செய்து கொடுத்த அஜந்தனும் கொழும்பிலிருந்து வந்திருந்தான். பழைய நிறுவை மெஷினின் மூளை எரிந்துபோக, அந்த மூளையைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் ஒன்றை எழுதிப் புதுக் கம்பியூட்டரில் போட்டவன் அவன். ஒவ்வொரு வாளியின் வெறும் எடையும் அதன் இலக்கத்தோடு பழைய மெஷினின் சிப்பில் பதிந்திருந்தது. அதையே புது மெஷினும் படித்து, மொத்த எடையில் கழித்துக்கொள்ளும்.

வாளித் தட்டில் எல்லாம் நசுங்கிய பழைய வாளிகள். ஒன்று மட்டும் பளபளவென்றிருந்தது.

"அது யாரோடது?"

"மல்லிகாவோடது," என்றார் நாகலிங்கம். "பழசு ஓட்டை. மாத்திக் குடுத்தாச்சு."

மல்லிகா பின்னேரத்தில் நாகலிங்கத்தின் குவாட்டர்ஸில் சமைப்பவள் என்பதை வெள்ளையம்மா மெதுவாகச் சொன்னாள். றுகையா ஸ்டோருக்குப் பின்னாலிருந்த குப்பை மேட்டுக்கு நடந்தாள். மல்லிகாவின் இலக்கம் போட்ட பழைய வாளி அங்கே மழைத் தண்ணீர் விளிம்பு வரை நிரம்பி நின்றது. தண்ணீருக்குள் நுளம்புப் புழுக்கள் நெளிந்தன. றுகையா அதற்குள் கை விட்டு அடியைத் தடவிப் பார்த்தாள். யோகராஜ் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைக் கவிழ்த்தான்.

"ஓட்டை வாளியில புழு வளருமா மிஸ்?" என்று கேட்டான். றுகையா சிரித்தாள்.

விசாரணைக்குத் துரை வந்து உட்கார்ந்ததும், வெள்ளையம்மாவின் வாளியைக் கழுவித் துடைத்து வெறுமையாகவே தராசில் வைக்கச் சொன்னாள் றுகையா. நாகலிங்கம் வாளி இலக்கத்தைத் தட்டினார். திரையில் சைபருக்குக் கீழே 2.55 என்று விழுந்தது.

"காலி வாளியும் பால் திருடியிருக்கு," என்றாள் றுகையா. துரை எழுந்து வந்து திரையைப் பார்த்தார்.

"இலக்கம் போடாம நிறுத்தா வாளி 2.58 கிலோ. மெஷின் இதை 5.13ன்னு நினைச்சுக் கழிக்குது. புள்ளிய விட்டுட்டுப் பாருங்க. 258ல ஒரு 256 இருக்கு, மிச்சம் ரெண்டு. மெஷின் இதை ஒண்ணு, ரெண்டுன்னு ரெண்டு பெட்டியில போட்டு வைக்கும். பழைய மூளை பெரிய பங்கை முதல் பெட்டியில வைக்கிற சாதி. புதுக் கம்பியூட்டர் சின்னப் பங்கை முதல்ல வைக்கிற சாதி. பழைய சிப்பைப் புதுசு தன் பழக்கத்துல படிச்சா, ஒண்ணு வெறும் மிச்சமாகிப் போகும், மிச்சமா இருந்த ரெண்டு, ரெண்டு 256 ஆகிரும். ரெண்டு 256ம் ஒண்ணும் சேந்தா 513."

"தவறுதான்," என்றான் அஜந்தன் உடனே. "யாருக்கும் தெரியாம நடந்த சின்னத் தவறு."

"அப்படின்னா எல்லா வாளியும் பிழைச்சிருக்கணுமே?" றுகையாவின் குரல் உயரவில்லை. "மத்த வாளிகளையும் நிறுத்துப் பாத்தேன். சரியாத்தான் காட்டுது. சும்மா வந்த பிழை ஆள் பாத்து வராது. மாத்திப் படிச்சா அநேகமா எல்லா வாளியும் முப்பது கிலோ, நூறு கிலோன்னு காட்டும். அதை நீங்க முதல் நாளே கண்டீங்க. வேரைத் தேடாம, 'பத்துக் கிலோவுக்கு மேல வந்தா திருப்பிப் போடு'ன்னு மென்பொருள்ல ஒரு ஒட்டுப் போட்டீங்க. காலையில திறந்து பாத்தேன். 5.13 பத்துக்குக் கீழ. ஒட்டுக்குள்ள அகப்படல."

றுகையா நாகலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஒரே கடையில வாங்கின இன்னொரு வாளியும் அதே 2.58. அது மல்லிகாவோடது. அவ பாலும் குறைஞ்சிது. அவளை யாரும் கள்ளின்னு சொல்லல. வாளி ஓட்டைன்னு சொல்லிப் புதுசு குடுத்தீங்க. அந்த ஓட்டை வாளி குப்பை மேட்டுல மழைத் தண்ணியோட நின்னிச்சு, ஒரு சொட்டும் ஒழுகல. வாளியை மாத்திப் புது எடையைப் பதிஞ்சா பிழை மறையும்னு உங்களுக்குத் தானா தெரிய வராது. அஜந்தன்தான் சொல்லியிருக்கணும்."

நாகலிங்கம் அஜந்தன் பக்கம் கையை நீட்டினார். "நான் வெள்ளையம்மாவுக்கும் மாத்துறேன்னுதான் சொன்னேன் சேர். இவர்தான், ஒரு வாளி ஓட்டைன்னா நம்புவாங்க, ரெண்டு வாளி ஓட்டைன்னா மெஷினப் பாப்பாங்கன்னு சொன்னாரு. மத்த தோட்டங்களுக்கும் மெஷின் போக இருந்திச்சு."

"அதுக்கு ஒரு பொம்பளையக் கள்ளியாக்கினீங்க," என்றாள் றுகையா. இதுவரை அமைதியாயிருந்த முகத்தில் அருவருப்பு அப்பட்டமாகத் தெரிந்தது. "அந்தப் புழுத் தண்ணியில கை விட்டேன். சவுக்காரம் போட்டா போயிரும். இதுக்கு என்னத்தைப் போட்டுக் கழுவுறது?"

துரை விசாரணையை அதோடு முடித்தார். மெஷினைத் திருப்பி எடுக்கச் சொன்னார். கைக்குட்டை எங்கே போனதோ, நாகலிங்கம் ஓடிப்போய்ப் புது வாளி ஒன்றைக் கொண்டுவந்து வெள்ளையம்மாவிடம் நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை. "மல்லிகாவுக்குக் குடுத்த அன்னிக்குக் குடுத்திருந்தா வாங்கியிருப்பேன். பெரட்டுல வச்சுத்தானே என்னையக் கள்ளின்னீங்க? பெரட்டுல வச்சே என் வாளிய நிறுத்துச் சொல்லுங்க."

மறுநாள் காலை பெரட்டுக்களத்துக்குப் பழைய கல்தராசு வந்தது. றுகையாவும் யோகராஜும் வேலியோரம் நின்றார்கள். நாகலிங்கம் ஒரு தட்டில் வெள்ளையம்மாவின் வாளியையும் மறு தட்டில் இரண்டு கிலோ ஐம்பத்தெட்டுக்குப் படிக்கல்லையும் வைத்தார். முள் நடுவில் வந்து நின்றது.

"வித்தியாசம் இல்ல. மெஷின்தான் கூடக் கழிச்சிருக்கு. வெள்ளையம்மா பால் எடுக்கல," என்று சட்டைப் பொத்தானுக்குச் சொல்வதைப்போல முணுமுணுத்தார்.

"கேக்கலைங்க ஐயா," என்றாள் வெள்ளையம்மா.

அவர் மறுபடி சொன்னார்.

"கடைசியில நிக்கிறவுங்களுக்குக் கேக்கலையாம்."

மூன்றாம் தரம் நாகலிங்கம் கத்தியே சொன்னார். வெள்ளையம்மா தராசிலிருந்து தன் நசுங்கிய வாளியை எடுத்துக்கொண்டு பால் வெட்ட மலைக்கு ஏறினாள்.