மூடாத வருகை

செத்தவர் வந்துபோவதை வரிசை எண் போட்டுப் பதிந்த தரவுத்தளம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். கட்டியவன் நான். அமெரிக்காக்காரன் அதைக் கேட்டு மூன்று கடிதம் போட்டான், கொடுக்கவில்லை. நம்பாதவர்கள் ஏர்லிடம் கேளுங்கள். என்னோடு வேலை செய்த பறங்கியர். விடிந்தது என்று நான் சொன்னாலும் எழும்பிப் போய் யன்னலைத் திறந்து பார்க்கிற மனிசன் அவர்.

2007. கல்லடியில் ஓர் ஓட்டு வீட்டில் எங்கள் அலுவலகம். காணாமல் போனவர்களின் படங்களை இணையத்தளத்தில் போடுவோம். எந்தப் படத்தை யார், எப்போது திறந்தார், எப்போது மூடினார் என்று பதிவது என் தரவுத்தளம். திறப்புக்கு ஒரு வரி, மூடலுக்கு ஒரு வரி. மூடல் இல்லாத வருகை பிழை. அன்றிரவே தானாக அழிந்துவிடும். மூன்று மாதம் எவரும் பார்க்காத படம் தளத்தை விட்டு இறங்கிவிடும். விதிகளை எழுதிவிட்டு நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஏறாவூர்ப் பக்கமிருந்து இலட்சுமிப்பிள்ளை என்ற தாய் வந்து நின்றார். வாவியில் கையால் இறால் பிடிப்பவர். கூடவே சேற்று மணமும் வந்தது.

"மகன்ட படத்த எடுத்திட்டீங்களே தம்பி. செத்த செய்தி வந்திட்டா?"

பதிவைப் பார்த்தேன். அந்தப் படத்தைப் பார்த்தவர் தொகை, பூச்சியம். அவரோ ஒவ்வொரு வெள்ளியும் பத்து நாற்பதுக்கு மீராசாஹிப்பின் நெட் கடையில் அதைத் திறப்பாராம்.

"நான் ஒருநாளும் மூடினதில்ல தம்பி. கரண்ட் போற வரைக்கும் பாத்துக்கொண்டிருப்பன்."

எனக்கு விளங்கிவிட்டது. மின்சாரம் போனால் மூடல் வரி ஏது? கிழமைக்குக் கிழமை என் விதி அந்தத் தாயைத் துடைத்திருக்கிறது.

என் பிழை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. விசாரித்துச் சொல்கிறோம் என்றேன். அந்தக் காலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆள் உயிரோடு இல்லை. தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலையே படத்தைத் திரும்ப ஏற்றினேன். திங்கட்கிழமை மீராசாஹிப் தொலைபேசியில் சொன்னார்: வீட்டுக்குப் போனவர் பாயை விட்டு எழும்பவேயில்லையாம். உயிர் போய்விட்டதாம்.

அடுத்த வெள்ளி, பத்து நாற்பது. பதிவில் ஒரு வரி விழுந்தது.

அந்தப் படம். திறப்பு.

மூடல் இல்லை.

இரவு அழிய வேண்டிய வரி, காலையிலும் இருந்தது.

என் நெஞ்சு குத்துவதைத்தான் நான் பேய் என்கிறேனாம். ஏர்ல் சிரித்தார். மறு வெள்ளி, தளம் ஓடிய இயந்திரத்தின் இணையக் கம்பியைத் தானே பிடுங்கிவிட்டு, அதன் முன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

பத்து நாற்பது.

வரி விழுந்தது.

ஏர்ல் கால்களை இறக்கினார். வரியை அழித்தார்.

திரும்ப வந்தது.

அழித்தார். வந்தது. பூட்டிய அறைக்குள் சேற்று மணம் ஏறியது. எங்கள் இருவருக்கும் நடுவே யாரோ திரையை நோக்கிக் குனிவதுபோல் குளிர்ந்தது.

ஏர்ல் விசைப்பலகையிலிருந்து மெதுவாகக் கையை எடுத்தார்.

"ஓம் அருமைநாயகம், நீ சொன்னது நடந்ததுதான்," என்று முணுமுணுத்தார். "இனி அழிக்காத. அவ இன்னும் பாத்துக்கொண்டிருக்கா."