நாற்பத்தொன்றாம் பெட்டியின் ஸ்பேனர்

மழைத் தண்ணீராகத்தான் இருக்கும், வேறென்ன. அவள் தனக்குள் சொல்லிக்கொண்டே குனிந்து, விமானத்தின் வயிற்றுக்கடியில் தேங்கியிருந்த ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது.

"ஒழுகுதாக்கா?" அருங்காட்சியக மேலாளர் வாசலிலிருந்தே கேட்டார்.

"கூரைதான் தம்பி."

"கூரைய நேத்துதான் சரி பண்ணாங்க. இது அழுவுது போல. நாளைக்கு அந்த விமானியோட சம்சாரம் வர்றாங்க. துடைச்சிட்டு போர்டையும் மாட்டிடுங்க, நான் சாப்பிட்டு வந்துடறேன்."

போர்டில் மூன்றே வரி. விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய சில நொடிகளில் கடலில் விழுந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து மீட்கப்பட்டது. காரணம், விமானியின் கவனக்குறைவு.

அந்தக் கப்பலில் அவள் மெக்கானிக். வேலை முடிந்ததும், பெட்டி எண் பொறித்த ஒவ்வொரு கருவியும் பெட்டியில் அதனதன் குழியில் இருக்க வேண்டும். ஒரு குழி காலியென்றாலும் விமானம் கிளம்பாது. இந்த விமானம் கிளம்பவிருந்த அன்று அவள் பெட்டியில் ஒரு சின்ன ஸ்பேனர் குறைந்தது. திட்டுக்குப் பயந்து ஸ்டோரிலிருந்து வேறொன்றை எடுத்து, தன் பெட்டி எண்ணான நாற்பத்தொன்றை அதில் தானே பொறித்துக் குழியை நிரப்பினாள். விசாரணையிலும் அதையேதான் சொன்னாள்: என் ஸ்பேனர் என்கிட்டதான் இருக்கு, சார்.

தொலைந்தது எங்கே விழுந்து, விமானி பிடித்து இயக்கும் கைப்பிடியை அசையவிடாமல் இறுக்கியிருக்கும் என்று அவளுக்கு மட்டும் தெரியும். ஓய்வு பெற்றபின் இங்கே துப்புரவு வேலைக்குச் சேர்ந்ததே, வேறு யார் கண்ணிலும் படுமுன் அதை எடுத்துவிடத்தான். கைபோகும் இடமெல்லாம் துழாவியாயிற்று. கிடைக்கவில்லை. பொய்யாக எண் பொறித்த ஸ்பேனர் மட்டும் இன்றும் அவள் சட்டைப் பையில் கனத்தது.

துடைத்தாள். தகரக் கூரையில் மழை இரைந்தது. பாலிஷ் வாசனைக்கு அடியிலிருந்து மெல்ல மெல்ல மண்ணெண்ணெய் நெடியும், அதற்கும் அடியிலிருந்து பாசி பிடித்த கடலின் குளிர்ந்த வாடையும் கிளம்பி வந்து தொண்டையில் படிந்தன. துணியைப் பிழிந்து நிமிர்வதற்குள் தரை மறுபடி நனைந்திருந்தது.

சிமெண்ட் தரையில், கட்டை கொடுத்து நிறுத்திய சக்கரங்கள். அசையாத விமானம். ஆனாலும் உள்ளே ஏதோ சின்ன இரும்பு, அலையில் ஆடும் கப்பலில் உருளுவதுபோல, மூக்கிலிருந்து வாலுக்கு உருண்டது. நின்றது. திரும்ப உருண்டு வந்தது.

தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது.

மேலே, விமானி உட்காரும் இடத்தைத் திருகி மூடியிருந்த கண்ணாடிக் கூண்டு திறந்தது. சத்தமில்லை. ஒரு கையுறை வெளியே நீண்டது. நனைந்திருந்தது. உள்ளே விரல்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் தொளதொளத்தது.

அதன் உள்ளங்கையில் ஸ்பேனர். துருவுக்கு நடுவே நாற்பத்தொன்று.

"இது உன்னுதா பாரும்மா," என்றது குரல். அன்றைக்கு ஏணியில் ஏறும்போது விமானி பேசிய அதே மரியாதையான குரல். கோபமே இல்லை.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். நாளை வரப்போகிற பெண்ணுக்கும் அது போதும்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. கையுறை காத்திருந்தது.

அவள் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டாள்.

"இல்ல சார்," என்றாள் மெதுவாக. "என்னுது என்கிட்டதான் இருக்கு."