மூன்றாவது பூ

செவ்வாய்க் குடியிருப்பில் நூறு வயதைத் தாண்டியவர்களை ஆண்டுக்கொரு முறை நினைவு கழிக்கக் கூட்டிப்போவது, நாம் முடிவெட்டிக்கொள்ளப் போவது மாதிரி. காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் நினைவுப்பேழை நிரம்பிவிட்டால் புதிய நாள் எதுவும் அதில் ஒட்டாது. வரிசையில் நின்றது, விளம்பரம் பார்த்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் என்று எதையாவது கழித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

நூற்றுப்பதினோரு வயது மாசிலாமணிக்குக் கழிக்கக் குப்பையே மிச்சமில்லை. சாப்பிட்டதை மறந்து மறுபடியும் தட்டு வைக்கச் சொன்னார். இனிப் பத்து ஆண்டுகளை மொத்தமாக எடுத்தாக வேண்டும். அதிக இடம் பிடித்திருந்தவை இரண்டுதான். ஒன்று, இறந்துபோன முதல் மனைவி கோமளத்தோடு வாழ்ந்த பத்து ஆண்டுகள். இல்லையென்றால், இப்போதைய மனைவி தையல்நாயகியோடு வாழ்ந்த முதல் பத்து ஆண்டுகள். தன் நினைவைத் தானே வெட்ட யாருக்கும் மனம் வராது என்பதால் துணைதான் முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம்.

"ஒனக்கு எது சரின்னு படுதோ அதச் செய், தையலு," என்று சொல்லிவிட்டு அவர் மயக்க ஊசிக்குக் கையை நீட்டிவிட்டார். நிம்மதியான மனிதர்.

கோமளத்துக்குப் பிள்ளை இல்லை. படங்கள்கூட ஒரு விபத்தில் எரிந்துவிட்டன. மாசிலாமணியின் தலைக்குள் மட்டும்தான் அவள் இருந்தாள். அவள் வடகம் பொரித்து, குடியிருப்பு முழுக்க அபாயமணி அடித்த கதையை அவர் சொல்லும்போதெல்லாம் தையல்நாயகி முதல்முறை கேட்பது போலச் சிரிப்பாள்.

ஆனால் தையல்நாயகியின் பத்து ஆண்டுகள்? கண்ணாடித் தோட்டத்தில் பழுத்த முதல் தக்காளியை ஆளுக்குப் பாதியாகக் கடித்தது, ஒரே காற்றுக்குப்பியை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு மேடேறியது. அவற்றை அவருக்குத் திரும்பச் சொல்லிக்கொள்ளலாம். சொல்வதும் வாழ்ந்ததும் ஒன்றாகிவிடுமா?

"நீயே சொல்லேன்," என்றாள், நினைவு கழிக்கும் நிலையத்து எந்திரமான நடுவனிடம்.

"குடும்ப விஷயத்தில் நான் கருத்துச் சொல்லக்கூடாது, அம்மா."

ஆகவே அவள் பூக்கட்டிப் பார்த்தாள். நம் பழக்கம், விண்கலம் ஏறி அங்கேயும் போயிருந்தது. சிவப்பு அரளி என்றால் தன் ஆண்டுகள் போகட்டும், வெள்ளை நந்தியாவட்டை என்றால் கோமளத்தின் ஆண்டுகள் என்று சாமியை வேண்டி, இரண்டையும் தனித்தனிக் காகிதப் பொட்டலமாக மடித்துக் குலுக்கினாள். கள்ளமறியாத குழந்தையைத்தான் பொட்டலம் எடுக்கச் சொல்வார்கள். அங்கே குழந்தை இல்லாததால் நடுவனை எடுக்கச் சொன்னாள்.

சிவப்பு.

"சரியாக் குலுக்கல. இன்னொரு தடவ எடு."

சிவப்பு.

"மூணாவதுதான் கணக்கு."

வெள்ளை.

பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையொப்பமிட்டாள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

அவர் கண் விழிக்கக் காத்திருந்தபோதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. "பொட்டலத்துல என்ன பூன்னு ஒனக்குத் தெரியாதுல்ல?"

"தெரியும், அம்மா. காகிதம் என் பார்வையை மறைக்காது," என்றது நடுவன். "முதல் இரண்டு தடவையும் எனக்குச் சரியென்று பட்டதை எடுத்தேன். மூன்றாவது தடவை நீங்கள் விரும்பியதை எடுத்தேன்."

தையல்நாயகி வெள்ளைப் பூவை மறுபடியும் காகிதத்தில் மடித்தாள்.

"யார் கேட்டாலும் சாமி உத்தரவுன்னு சொல்லு."

"ஐயா கேட்கமாட்டார். கோமளம் என்று ஒருவர் இருந்ததே அவருக்கு இனித் தெரியாது. கேட்கப்போவது நீங்கள் மட்டும்தான்."

"சரி," என்றாள். "நான் கேட்டாலும் அதையே சொல்லு."