வாய் பொருந்தாத வயர்

“இந்தப் பெட்டி போடற சத்தத்துல எப்படிம்மா தூங்கறது?” என்றார் என் கணவர்.

“தாலாட்டுன்னு நினைச்சுக்கோங்கப்பா,” என்றாள் மகள். அனிமேஷன் வேலை ஒன்றைக் கணினியில் ஓடவிட்டு அவள் வெளியே கிளம்பினாள். நானும் வேலைக்குப் போனேன். இரவு வேலை முடித்து வந்திருந்த அவர் பக்கத்து அறையில் படுத்தார். மதியம் கணினி தீப்பிடித்தது. புகை அவரை எழுப்பவே இல்லை.

அந்தக் கணினியைப் பாகம் பாகமாகப் பூட்டித் தந்தவர் கொழுந்தனார். கணினிக் கடை வைத்திருக்கிறார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒன்றையே சொன்னார். “கம்ப்யூட்டருக்குக் கரண்ட் குடுக்கற பவர் சப்ளை பெட்டி ஆயிரத்தறுநூறு வாட்லதான் வேணும்னு அவ ஒத்தக்கால்ல நின்னா. அவ்வளவு வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அது இழுத்த இழுப்புதான் எல்லாம்.”

மகள் சோற்றுத் தட்டின் முன் உட்காருவாள், தொடாமல் எழுந்துவிடுவாள். ஒருநாள், “நான்தானேம்மா அப்பாவை…” என்று பாதியில் நிறுத்தினாள். அன்றிலிருந்து அவளைக் கதவைத் தாழிட விடாமல் அவள் அறை வாசலிலேயே நான் படுத்தேன். அவள் புரண்டாலும் விழித்தேன், புரளாவிட்டாலும் விழித்தேன்.

தீ விபத்துகளை ஆராயும் பெண்மணி ஒருவரைத் தேடிப்பிடித்து அழைத்து வந்தேன். நிதானமானவர். கூடவே பணி ஓய்வு பெற்ற அவருடைய மாமனாரும் வந்தார். துப்புத் துலக்க மருமகளைவிட அவருக்குத்தான் அவசரம்.

“சந்தேகமே இல்ல,” என்றார் மாமனார். “ஆயிரத்தறுநூறு வாட்னா சும்மாவா? வீட்டையே கொளுத்தும்.”

“பெரிய தொட்டி கட்டினா வீட்ல எல்லாருக்கும் தாகம் கூடிடுமா மாமா?”

“அதெப்படிக் கூடும்?”

“அது மாதிரிதான். அதிகபட்சம் எவ்வளவு தர முடியும்னுதான் பெட்டி மேல எழுதியிருக்கும். கணினி கேக்கறதத்தான் அது தரும். இந்தக் கணினி அதுல மூணுல ஒரு பங்குகூட கேட்டிருக்காது.”

“அப்ப இவ்வளவு பெரிசா வாங்கினது வீண்தானே?”

“வீண்தான். ஆனா வீண்செலவு தீப்பிடிக்காது.”

கதவோரம் நின்றிருந்த மகள், “அப்ப ஏன் எரிஞ்சுது?” என்றாள். அதற்குப் பதில் இல்லையென்றால் அவள் தன் பதிலுக்கே திரும்பிவிடுவாள்.

ஆய்வாளர் பவர் சப்ளையின் கருகிய இரும்புக் கூட்டைத் திறந்தார். உள்ளே ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செப்புக் கம்பி. அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு பரணிலிருந்து, பவர் சப்ளை வந்த அட்டைப்பெட்டியை எடுக்கச் சொன்னார். அதில் ஒரு தடித்த வயர், பை கூடப் பிரிக்கப்படாமல் இருந்தது.

“உங்க வீட்டுக்காரரோட தம்பிய வரச் சொல்லுங்க,” என்றார் மாமனார், தானே கண்டுபிடித்துவிட்டவர் போல.

கொழுந்தனார் வந்ததும் ஆய்வாளர் கேட்டார்: “இத சுவர் பிளக்ல சொருக எந்த வயர் போட்டீங்க?”

“எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போடறதுதான். கடையில கிடந்தது.”

“நல்லாப் பொருந்திச்சா?”

“ஏன் பொருந்தாது? கச்சிதமா உக்காந்துச்சு.”

ஆய்வாளர் தடித்த வயரின் முனையைக் கருகிய கூட்டின் ஓட்டையில் வைத்துக் காட்டினார். அது நுழையவில்லை.

“நீங்க வாங்கின ஆயிரத்தறுநூறு வாட் பெட்டிக்கு வாய் பெரிசு. அதுக்குத்தான் தனி வயர் குடுத்திருக்காங்க. சாதாரண வயர் அதுல நிக்காது. இங்க கச்சிதமா நின்னுச்சுன்னா, எரிஞ்சது வேற பெட்டி.”

கொழுந்தனார் என்னைப் பார்க்காமல் பேசினார். “அவளுக்கு அவ்வளவு தேவையே இல்ல அண்ணி. அது நிஜந்தானே? கடையில ரிப்பேர் பார்த்த பழசு ஒண்ணு இருந்துச்சு. போதும்னு மாட்டிட்டேன். அட்டைப்பெட்டிய மட்டும் இங்க குடுத்துட்டு, புதுச வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்.”

“அளவு போதும்தான்,” என்றார் ஆய்வாளர். “ஆனா கோளாறு வந்தா அறுந்து காப்பாத்த வேண்டிய ஃபியூஸுக்குப் பதிலா கம்பிய வச்சிருக்கீங்க. கம்பி அறுந்துபோகல.”

மாமனார் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். “அண்ணனப் பறிகொடுத்தே, சரி. பழிய ஏன்யா அந்தப் பொண்ணு மேல போட்டே?”



“நீங்க போங்க சித்தப்பா,” என்றாள் மகள்.

எல்லோரும் போனபின் அவளே சோறு போட்டுக்கொண்டாள். மெதுவாகத்தான் சாப்பிட்டாள், ஆனால் மிச்சம் வைக்கவில்லை. எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள்.

எங்கள் சமையலறைக் குழாயை மாட்டியது என் கணவர். எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் அது மூடும். இன்னும் அப்படியேதான் வைத்திருக்கிறோம்.